பூட்டி வைத்த ஒளி

1960 மே 16 அன்று, கலிபோர்னியாவின் மாலிபு நகரிலிருந்த ஹியூஸ் ஆய்வகத்தில், தியோடர் மெய்மன் ரூபிப் படிகத்தைக் கொண்டு உலகின் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அதைத் தொடர்ந்து வந்த ரூபி லேசர்களின் ஒளி ஒரே துடிப்பாக வெளிவராமல், ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி நேரத்துக்குள் ஒழுங்கற்ற சிறு துடிப்புகளாகச் சிதறி வந்தது. படிகத்தில் ஆற்றல் சேரத் தொடங்கியதுமே, இரு முனைகளிலும் உள்ள ஆடிகளுக்கிடையே ஒளி ஓடியாடி அதைச் செலவழித்துவிட்டதுதான் இதற்குக் காரணம்.

இச்செலவைத் தள்ளிப்போடும் வழியை அதே ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹெல்வார்த் 1961இல் முன்வைத்தார். ரூபியிலுள்ள குரோமியம் அயனிகள் கிளர்வு நிலையில் ஏறத்தாழ 3 மில்லிவினாடி தங்கக்கூடியவை. ஆகவே ஆடிக்குச் செல்லும் பாதையை ஆற்றல் நிரம்பும்வரை அடைத்து வைத்து, பின் திடீரெனத் திறந்தால், சேர்ந்தது அனைத்தும் ஒரே துடிப்பாகப் பாயும் என்பது அவர் கணிப்பு. ஆடிகளுக்கிடையே ஒளி இழப்பின்றி நிலைக்கும் அளவைக் குறிக்கும் தரக் காரணியின் (கியூ) பெயரால், இம்முறை 'கியூ சுவிட்சிங்' எனப்பட்டது. 1962இல் அவரும் மெக்ளங்கும் வெளியிட்ட முடிவுகளில், துடிப்பின் உச்சத் திறன் நூற்றுக்கணக்கான கிலோவாட்டை எட்டியிருந்தது.

அவர்கள் கதவாகப் பயன்படுத்தியது படிகம் அன்று. நைட்ரோபென்சீன் என்னும் திரவம் நிரப்பிய கெர் கலம். மின்புலத்தில் சில பொருள்கள் ஒளியின் தளவிளைவை, அதாவது ஒளியலை அதிரும் திசையை, மாற்றுகின்றன என்பதை ஜான் கெர் 1875இல் கண்டறிந்திருந்தார். அந்தத் திரவமே எதிர்பாராத ஒரு பரிசையும் தந்தது. ரூபியின் 694.3 நானோமீட்டர் செவ்வொளியோடு 767 நானோமீட்டரில் வேறோர் ஒளியும் வருவதை உட்பரி, இங் என்னும் ஆய்வாளர்கள் 1962இல் கண்டனர்; திருவானைக்காவில் பிறந்த சி.வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் அறிவித்த சிதறல்தான், நைட்ரோபென்சீன் மூலக்கூறுகளின் அதிர்வால் இங்கே தூண்டப்பட்டுப் பன்மடங்கு பெருகியது என்பது விரைவில் தெளிவாயிற்று.

ஆயினும் நைட்ரோபென்சீன் நச்சுத்தன்மை கொண்டது. மிக உயர்ந்த மின்னழுத்தத்தையும் கேட்பது. எனவே கெர் கலத்தின் இடத்தைப் படிகம் பிடித்தது. அதற்கான அறிவியலை, லேசர் தோன்றுவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1893இல் ஜெர்மானிய இயற்பியலர் பிரீட்ரிக் பாக்கல்ஸ் வகுத்திருந்தார். சமச்சீர் மையம் இல்லாத படிகங்களில், ஒளிவிலகல் மாற்றம் மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது, கெர் விளைவிலோ அது மின்புலத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவது. 1913இல் மறைந்த பாக்கல்ஸ் தம் கண்டுபிடிப்பின் பெரும்பயனைக் காணவில்லை.

பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், சுருக்கமாகக் கே.டி.பி., என்னும் படிகமே இக்கதவுக்கான பொருள்களில் முதன்மை பெற்றது. ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவு ஆக்கிக்கும் ஆடிக்கும் நடுவே அதை நிறுத்திச் சில ஆயிரம் வோல்ட் செலுத்தினால், ஒருமுறை கடக்கும் ஒளி வட்டத் தளவிளைவு பெறுகிறது. ஆடியில் பட்டு மீண்டும் கடக்கும்போது அதன் அதிர்வுத் திசை 90 பாகை திரும்பிவிடுவதால், தளவிளைவு ஆக்கி அதை ரூபிக்குத் திரும்பவிடாது. மின்னழுத்தத்தைச் சில நானோவினாடிகளில் நீக்கியதும் பாதை திறந்து, சில பத்து நானோவினாடியே நீளும் பெருந்துடிப்பு எழுகிறது. கே.டி.பி.யிலுள்ள ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியத்தை ஏற்றியபோது, தேவையான மின்னழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது. நீரில் கரையும் இப்படிகத்தை ஈரக்காற்று கெடுத்துவிடும் என்பதால், அது கண்ணாடிச் சாளரங்கள் கொண்ட உறைக்குள் இன்றும் காற்றுப் புகாதபடி அடைக்கப்படுகிறது.

கலிபோர்னியாவின் லிவர்மோர் நகரில், அணுக்கரு இணைவுக்காக 192 லேசர் கற்றைகளை ஒருங்கே செலுத்தும் நிலையத்தில், சுமார் 40 சென்டிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட கே.டி.பி. தகடுகள், ஒவ்வொரு துடிப்பையும் பெருக்கிகளின் வழியே நான்குமுறை ஓடவைத்து வெளியே விடுகின்றன. இத்தகைய தகடுகளை அறுப்பதற்கான பெரும்படிகங்களை வளர்க்க முன்பு இரண்டு ஆண்டுகள் வரை பிடித்தது. மாஸ்கோவில் வேர்கொண்ட விரைவு வளர்ப்பு முறையால், 300 கிலோவைத் தாண்டும் படிகமும் இரண்டே மாதங்களில் விளைகிறது.