சேவல் கேஸும் பிடிவாரண்டும்

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, தாம் வக்கீலாக இருந்த, நகரசபைத் தலைவராக இருந்த ஊரிலிருந்தே அதைத் தொடங்கினார். அன்றைய ஜில்லா நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. முந்தின நாள் கடையில் காசு கொடுத்துக் குடித்தவர் மறுநாள் குடித்தால் குற்றவாளி. அம்மாபேட்டையில் குழித்தறியில் இறங்கி நாளெல்லாம் மிதித்தவர்களுக்குப் பொழுது சாய்ந்தால் கள்ளுக் குடிப்பது பழக்கமாக இருந்தது. அந்தச் சட்டத்தால் அடுப்பு எரிந்த வீடுகள் உண்டு. என் பாட்டி கடைசிவரை ராஜாஜி பெயரை மரியாதையோடுதான் சொல்வார். அதே சட்டத்தோடு கோர்ட்டு வாசலும் எங்கள் தெருக்காரர்களுக்குப் பழக்கமானது.

நான் தறிக்கார வீட்டில் பிறந்து வக்கீல் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன். பெட்டி கேஸ் என்று நாங்கள் சொல்லும் சின்ன வழக்குகளைத்தான் அதிகம் தூக்கிச் சுமந்திருக்கிறேன். குடித்த கேஸ், சீட்டாடிய கேஸ், சேவல் கேஸ். தெருவில் சூதாடுவதும் பொது இடத்தில் சேவலைச் சண்டைக்கு விடுவதும் 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டப்படி குற்றம். ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை வந்தால் இளவட்டங்கள் சேவலோடு ஒதுங்குவார்கள், போலீஸ் வரும், அகப்பட்டவர்கள் பெயர் ஏறும். பெரும்பாலும் சிறு அபராதத்தோடு முடிய வேண்டிய விஷயம்.

அது ஏன் முடியவில்லை என்பதற்குக் காரணம் தறியில் இருக்கிறது. பாவு தோய்க்கிற நாளில் விடியுமுன் தெருவில் பாவை விரித்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் வேலையை முடித்தாக வேண்டும். வீட்டில் ஒரு ஆள் குறைந்தாலும் பாவு கெடும். அன்றைக்கு வாய்தா என்றால் எவர் போவார்? விசைத்தறி வந்தபிறகு ஷிப்டுக்குக் கூலி; ஷிப்டை விட்டால் அந்தக் கூலி போச்சு. அபராதம் கட்ட இவர்கள் மறுக்கவில்லை. பெயரைக் கூப்பிடும்வரை நாள் முழுக்க நிற்கத்தான் இவர்களால் முடியவில்லை. பாதிப்பேர் வாடகை வீட்டுக்காரர்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று தறி ஓடுகிற ஊருக்குக் குடிபோய்விடுவார்கள். சம்மன் பழைய கதவு எண்ணுக்கு வந்து திரும்பும். அடுத்து வாரண்ட், அதற்கடுத்து ஜாமீனில் வர முடியாத பிடிவாரண்ட்.

பிடிவாரண்டுக்குக் காலாவதி கிடையாது. கோர்ட் ரத்து செய்யும்வரை, அல்லது ஆளைப் பிடிக்கும்வரை அது செல்லும் என்று 1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. 1973இல் எழுதிய சட்டம் அதையே 70ஆம் பிரிவில் வைத்தது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 72ஆம் பிரிவு. 1973ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்தது. அபராதம் மட்டுமே தண்டனை என்றால் ஆறு மாதம், ஓராண்டுவரை சிறை என்றால் ஒரு வருஷம், அதற்குள் கோர்ட் வழக்கைக் கையிலெடுக்க வேண்டும் என்று கெடு வைத்தது. ஆனால் கோப்பில் ஏறிவிட்ட வழக்குக்கு அந்தக் கெடு உதவாது. போலீஸுக்கு இவ்வளவு கண்டிப்பு வைத்த சட்டம், பதினெட்டு வயதில் ஒரு வாய்தாவைத் தவறவிட்டவனுக்கு ஒரு கரை காட்டவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது.

2023இல் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்துப் போலீஸ் ஒரு முதியவரைப் பிடித்தது. 1965இல், இருபது வயது வாக்கில், இரண்டு எருமையையும் ஒரு கன்றையும் திருடியதாக வழக்கு. அன்றே கைதாகி ஜாமீனில் வந்தவர், பிறகு கோர்ட்டுக்கு வரவில்லை. கூட்டாளி 2006இலேயே இறந்துபோனார். பழைய நிலுவை வழக்குகளைத் தேடிய தனிப்படை மகாராஷ்டிரத்தில் இவரைக் கண்டுபிடித்தபோது இவருக்கு எண்பதை நெருங்கும் வயது. கோர்ட் ஜாமீன் கொடுத்தது.

பீதர் செய்தியைப் படித்ததும் எனக்கு எங்கள் தெரு விசைத்தறிக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஆடிப் பண்டிகையில் சேவல் விட்டபோது மீசை முளைக்காத பையன். பிடிபட்டபோது பேத்தி எடுத்தவர். நிலுவை வாரண்டுகளை முடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருந்த சமயம். வாசலில் நின்ற காவலரைப் பார்த்து, “எந்த கேஸுப்பா தம்பி?” என்று கேட்டாராம். சொன்னபிறகும் புரியவில்லை. மருமகள் முன்னால் ஜீப்பில் ஏறினார். இரவு ஸ்டேஷனில். மறுநாள் கோர்ட்டில் பழைய கட்டைத் தேடி எடுக்கவே மதியமாகிவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், கோர்ட் கலையும்வரை தண்டனை, கொஞ்சம் அபராதம். மாலையில் வெளியே வந்து, “அண்ணே, இதை அன்னைக்கே கட்டியிருப்பேனே” என்றார். அந்தத் தெருவில் அதற்குப்பின் பல மாதங்கள் அவர் டீக்கடைக்கு வரவில்லை. நான் சொல்வது அந்த மாதங்களைப் பற்றி. அபராத ரசீதில் அவை ஏறவில்லை.

உச்ச நீதிமன்றத்துக்கு இது தெரியாமல் இல்லை. முதலில் சம்மன், பிறகு ஜாமீன் தரக்கூடிய வாரண்ட், கடைசியில்தான் பிடிவாரண்ட் என்று 2007இல் இந்தர்மோகன் கோஸ்வாமி வழக்கில் சொன்னது. ரத்தான வாரண்டைக் காட்டி ஒருவரை 2002இல் சுதந்திர தினத்தன்று கைது செய்த வழக்கில், ஒவ்வொரு வாரண்டுக்கும் எண் போட்டுப் பதிவேடு வைக்கும்படி 2011இல் உத்தரவிட்டது.

அரசு நினைத்தால் ஒரே அறிவிப்பில் முடிக்கவும் முடியும். 2021 பிப்ரவரியில், சேலம் மாவட்டத்துக்காரரான அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கை மீறியதாகப் போட்ட சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாகச் சொன்னார். வண்டியில் சுற்றிய பையன்கள்தான் அதில் எத்தனையோ பேர். அபராதத்தோடு முடியக்கூடிய பழைய சின்ன வழக்குகளுக்கும் இத்தனை வருஷம் என்று ஒரு வரம்பு வைத்து, வருஷந்தோறும் தாமாகவே முடித்துவைப்பதே நியாயம்.

அதுவரை, வாலிபத்தில் எங்கேயாவது கையெழுத்துப் போட்டு ஜாமீனில் வந்த ஞாபகம் இருப்பவர்கள் போலீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தாமாகப் போய் வாரண்டை ரத்து செய்ய மனுக் கொடுத்தால் மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். வக்கீலுக்குக் காசில்லாதவர்களுக்குக் கோர்ட்டு வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. ஆதார் அட்டையும், பழைய கேஸ் நம்பர் தெரிந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள்.