கருமணலில் பிறந்த சைக்கிள்

வில்லியம் கிரிகர் தொழிலால் பாதிரியார்; மனசெல்லாம் கல்லிலும் மண்ணிலும். 1791-இல், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், மனாக்கன் ஊர் ஓடையில் அள்ளிய கருமணலை அவர் சோதித்துப் பார்த்தார். காந்தத்தைக் காட்டினால் ஒட்டியது. இரும்பு இருப்பது தெரிந்தது. இரும்பைப் பிரித்தபின் மிஞ்சியதோ, அதுவரை அறிந்த எந்த உலோகத்துக்கும் பொருந்தவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் வேறொரு கனிமத்தில் அதே தனிமத்தைக் கண்டு, கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரை அதற்குச் சூட்டினார். டைட்டானியம் பிறந்தது இப்படித்தான்.

அந்தக் கருமணல் நமக்கும் பழக்கமானதுதான். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் காலில் ஒட்டும் கருமணலில் இருப்பதும் அதே டைட்டானியக் கனிமம்தான்; பெயர் இல்மனைட். நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே அள்ளுகிறார்கள். பூமியின் மேலோட்டில் ஏராளமாக இருக்கும் தனிமங்களை வரிசைப்படுத்தினால் டைட்டானியத்துக்கு ஒன்பதாவது இடம். செம்பைவிடப் பல மடங்கு அதிகம். அப்படியிருந்தும், உடம்புக்கு அளவெடுத்துச் செய்த ஒரு டைட்டானியம் மலை சைக்கிள் ஃபிரேமுக்கு அமெரிக்கப் பட்டறைகள் பல ஆயிரம் டாலர் கேட்கின்றன. மண்ணில் மலிந்து கிடப்பது கைக்கு வரும்போது ஏன் இவ்வளவு விலை? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவரால்தான் கையில் இருக்கும் காசுக்குள் நல்ல ஃபிரேம் ஒன்றைச் செய்து வாங்க முடியும் என்பது என் எண்ணம்.

டைட்டானியம் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். இரும்புத் தாதுவைப் போலக் கரியோடு சேர்த்து உருக்கினால், கரியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு கார்பைடாகிவிடும். கிரிகர் கண்டுபிடித்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் தூய டைட்டானியத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. 1910-இல் அமெரிக்காவின் ரென்ஸலேர் கல்வி நிலையத்தில் மேத்யூ ஹன்ட்டர், டைட்டானியம் டெட்ராகுளோரைடைச் சோடியத்தோடு சேர்த்து, மூடி இறுக்கிய எஃகுக் கலத்துக்குள் சூடாக்கித் தூய உலோகத்தை எடுத்தார். சோதனைச் சாலைக்குப் போதும், தொழிற்சாலைக்குப் போதாது.

லக்ஸம்பர்க் நாட்டைச் சேர்ந்த வில்லியம் க்ரோல்தான் வழியைத் திறந்தவர். சோடியத்துக்குப் பதில் மக்னீசியம். கலத்துக்குள் காற்றுக்குப் பதில் ஆர்கான். 1940-இல் அவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். 1948-இல் அங்கே டூபான்ட் நிறுவனம் டைட்டானியத்தை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. இன்றும் உலகில் பெரும்பங்கு டைட்டானியம் க்ரோல் காட்டிய வழியில்தான் வருகிறது. ஒரு கலத்தைச் சூடாக்கி, ஆறவைத்து, உள்ளே இறுகிக் கிடப்பதை உடைத்தெடுக்கப் பல நாள் பிடிக்கும். வெளியே வருவது துளைத்துளையான சாம்பல் நிறக் கட்டி. தொழிலில் அதன் பெயரே ஸ்பாஞ்ச். கேரளத்துச் சவராவில் விண்வெளித் துறையின் தேவைக்காக 2011-இல் தொடங்கிய ஆலையில் எடுப்பதும் இந்த ஸ்பாஞ்ச்தான். அதை அமுக்கி, வெற்றிடத்தில் மின்வில் கொண்டு உருக்கி, மறுபடியும் உருக்கி, அதன் பிறகே கம்பியும் தகடும் குழாயும். விலையெல்லாம் இந்தப் பாடுக்குத்தான்.

முதலில் இந்த உலோகத்தை வாங்கியவை விமானங்கள். எஃகின் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான், துருப்பிடிக்காது, வளைந்து வளைந்து நிமிர்ந்தாலும் எளிதில் சோராது. 1970-களில் அமெரிக்காவில் டெலிடைன் நிறுவனம் கலப்பில்லாத டைட்டானியத்தில் சாலை சைக்கிள் ஃபிரேம்கள் செய்து விற்றது. எடை குறைந்தது, ஆனால் வேகமாக மிதித்தால் ஃபிரேம் நெளிந்தது. சில விரிசல் விட்டன. டைட்டானியத்தின் விறைப்பு எஃகில் பாதிதான். எஃகுக் குழாய்க்கு ஏற்ற விட்டத்திலேயே டைட்டானியக் குழாயைப் போட்டால் அது துவளத்தான் செய்யும். குழாயைப் பருமனாக்கினால் விறைப்பு விறுவிறுவென ஏறும். இதைப் புரிந்துகொள்ளப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

இதற்கிடையே கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலை உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், மண் பாதையில் பாய்ந்து இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த இறக்கத்தில் 1976-இல் ‘ரீபேக்’ பந்தயம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் அந்த விளையாட்டுக்கென்றே புதிதாக ஃபிரேம் செய்தார். மலை சைக்கிள் தனி வாகனமாயிற்று.

இரண்டு ஓடைகளும் கலந்த இடம் மாசசூசெட்ஸ். 1986-இல் அங்கே தொடங்கிய மெர்லின் பட்டறை, மூன்று விழுக்காடு அலுமினியமும் இரண்டரை விழுக்காடு வனேடியமும் கலந்த டைட்டானியக் குழாயில் ஃபிரேம்களைப் பற்றவைத்தது. விமானத்தின் ஹைட்ராலிக் எண்ணெய் ஓடுவதற்காக உருவான குழாய் அது. அதே காலத்தில் டென்னஸியில் லின்ஸ்கி குடும்பத்தின் லேத் பட்டறையிலிருந்து லைட்ஸ்பீட் பிறந்தது. பெயின்ட் பூசாத சாம்பல் நிற ஃபிரேம், கல்லும் வேரும் நிறைந்த பாதையில் அதிர்வை மென்மையாக்கித் தரும் ஓட்டம். மலை சைக்கிள்காரர்களுக்கு அது கனவுப் பொருளாயிற்று. வாங்க முடிந்தவர்கள் கொஞ்சம் பேர்.

அந்தக் கனவு சம்பளக்காரர் கைக்கு எட்டியது சீனத்தின் ஷான்ஸி மாகாணம் வழியாக. 1960-களில் போர் அச்சத்தால் சீன அரசு பெருந்தொழில்களைக் கடலோரத்திலிருந்து உள்நாட்டு மலைப்பகுதிகளுக்கு நகர்த்தியபோது, பாவ்ஜி நகரில் டைட்டானிய ஆலை எழுந்தது. ஆலையைச் சுற்றிக் குழாய் இழுப்பவர்கள், கடைசல்காரர்கள், வெல்டர்கள் பெருகினார்கள். பாவ்ஜியிலும் பக்கத்து சியானிலும் கைத்திறன் திரண்டு நின்றது. பின்னாளில் அங்குள்ள பட்டறைகள் வெளிநாட்டுத் தனியாளிடமிருந்தும் ஒற்றை ஃபிரேமுக்கு ஆர்டர் எடுக்கத் தொடங்கின. அமெரிக்கப் பட்டறை கேட்பதில் ஒரு பங்குக்கு, வாங்குபவர் சொல்லும் அளவில்.

விலை குறைவு என்றதும் உலோகம் மட்டம் என்று நினைக்கக் கூடாது. குழாய் அதே கலப்புதான். கூலி குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்றுதான் முக்கியம். அளவெடுத்துச் செய்யும் அமெரிக்கப் பட்டறையில் ஒருவர் உட்கார்ந்து உங்கள் உடம்பை, பாதையை, ஓட்டும் பாணியைக் கேட்டறிந்து ஃபிரேமை வரைகிறார். மலிவு ஆர்டரில் அந்த நாற்காலி காலி. அதில் வாங்குபவரே உட்கார வேண்டும். பட்டறை நீங்கள் எழுதியதைச் செய்யும். எழுத மறந்ததைச் செய்யாது. தவறாக எழுதியதையும் அப்படியே செய்யும்.

ஆகவே ஃபிரேம் பிறப்பது வெல்டிங் மேசையில் அல்ல, வீட்டுச் சுவரோரம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே சீட்டைப் போல் இறுக்கமாக ஏற்றி, அதன் மேல்விளிம்பைச் சுவரில் பென்சிலால் குறிக்க வேண்டும். தரையிலிருந்து அந்தக் குறிவரை உள்ளதுதான் கால் உயரம். மூன்று முறை எடுத்து மூன்றும் ஒத்து வந்தால் எழுதிக்கொள்ளலாம். பிறகு, இப்போது ஓட்டும் சைக்கிளை அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டும்: எது உடம்புக்கு ஒத்துக்கொண்டது, எங்கே முதுகு வலித்தது, எந்த இறக்கத்தில் முன்சக்கரம் தடுமாறியது. ஆர்டருக்கு அடிப்படை இந்தக் குறிப்புதான்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முன்ஃபோர்க் 120 மி.மீ. அமுங்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஆள் ஏறி உட்கார்ந்தாலே அதில் கால்வாசி, 30 மி.மீ., இறங்கிவிடும். முன்பக்கம் அவ்வளவு தாழ்ந்தால் ஹேண்டில் குழாயின் கோணம் ஒரு டிகிரிக்கு மேல் நிமிரும். பெடல் அச்சும் தரையை நோக்கி இறங்கும். வரைபடத்தில் 66 டிகிரி என்று எழுதினால், அது ஆள் ஏறுமுன்பா, ஏறிய பின்பா? ஃபோர்க்கின் நீளம், சக்கர அச்சிலிருந்து ஃபோர்க்கின் தலைப்பகுதி வரை, எத்தனை மி.மீ. என்று கணக்கில் எடுத்தார்கள்? இந்த இரண்டையும் எழுத்தில் உறுதி செய்யாமல் பணம் அனுப்பக் கூடாது. ஒரு டிகிரி சின்ன எண்ணாகத் தெரியும். செங்குத்தான இறக்கத்தில் அந்த ஒரு டிகிரி, தைரியமாகப் போவதற்கும் பிரேக்கைப் பிடித்தபடியே போவதற்கும் உள்ள வித்தியாசம்.

காசை எங்கே இறுக்குவது, எங்கே விடுவது? நடுப்பகுதியில் சுவர் மெலிந்த குழாய் விலை கூடுதல். முழு நீளத்துக்கும் ஒரே தடிமனான குழாய் கொஞ்சம் கனம், ஆனால் மலைப் பாதையில் அடிபட்டால் தாங்கும். கேபிளை ஃபிரேமுக்குள் விட ஓட்டை போட்டால் தனிக்காசு. வெளியே ஓடினால் பழுது பார்ப்பதும் சுலபம். ஹேண்டில் குழாய்க்கு 44 மி.மீ. நேர்க்குழாயே போதும். தண்டு கீழே அகன்ற ஃபோர்க்கும், வெளியே ஒரு கப் வைத்தால் அதில் பொருந்தும். பெடல் அச்சுக்கு மரையிட்ட 73 மி.மீ. கூடு என்றால் பாகம் எளிதில் கிடைக்கும். பெயின்ட் தேவையே இல்லை. நுண்மணிகளை வேகமாக ஊதி மங்கலாக்கினால் போதும். மிச்சம் பிடித்ததைப் பின்சக்கரப் பக்கம் செலவிடலாம்: 148 மி.மீ. அச்சு, பின்கியரைத் தாங்கும், கழற்றி மாற்றக்கூடிய கொக்கி, சேறு ஒட்டினாலும் உரசாமல் அகல டயர் சுழல இடம். அனுப்புக் கூலி, வங்கிக் கட்டணம், சுங்கவரி மூன்றையும் முதல் நாளே கூட்டிவைப்பது நல்லது.

வரைபடம் வந்து, ஒவ்வோர் எண்ணையும் விரலால் தொட்டுச் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் குழாய் அறுபடும். குழாய் முனைகளை ஒன்றோடொன்று இடைவெளியின்றிக் கவ்வும்படி வளைவாகக் கடைந்து, அசிட்டோனில் துடைத்து, கையுறை போட்டு எடுத்துவைக்கிறார்கள். விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது. சூடான டைட்டானியம் காற்றைக் குடித்து மொறுமொறுப்பாகிவிடும். அதனால் வெல்டிங் கைப்பிடியிலிருந்து மட்டுமின்றிக் குழாயின் உள்ளேயும் ஆர்கான் ஓடிக்கொண்டே இருக்கும். மின்வில் அணைந்த பிறகும், உலோகம் ஆறும்வரை வெல்டர் கையை எடுக்க மாட்டார். க்ரோல் தன் கலத்துக்குள் செய்த அதே காவல்தான் இது. காவல் தவறினால் உலோகமே சொல்லிவிடும்: வெள்ளி நிறமும் வைக்கோல் நிறமும் நல்லவை, நீலம் எச்சரிக்கை, சுண்ணாம்பு போல் சாம்பல் பூத்தால் அந்த இணைப்பை நம்பக் கூடாது. ஆர்டர் கொடுக்குமுன் இணைப்புகளின் கிட்டத்துப் படங்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

சில மாதங்கள் கழித்து அட்டைப்பெட்டி வந்து சேரும். உடனே சக்கரத்தை மாட்டத்தான் கை துடிக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல ஃபிரேமுக்கும் நூல் பிடிக்க வேண்டும். பின்அச்சு உட்காரும் ஒரு பக்கத்திலிருந்து நூலை இழுத்து, ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கத்தில் கொண்டுவந்து இறுக்கிக் கட்டினால், நடுவே சீட் குழாய் நிற்கும். குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இடப்பக்கம் அளந்து, வலப்பக்கமும் அளக்க வேண்டும். பிறகு மரைகளில் உலோகம் உலோகத்தைக் கவ்வாதிருக்கத் தனிக் கிரீஸ் தடவ வேண்டும். இல்லையென்றால் டைட்டானியம் திருகாணியை விடாது.

நூலின் இரண்டு பக்க இடைவெளியும் ஒத்து வந்தால், ஓடையில் தொடங்கி எத்தனையோ கைகள் காத்த காவல் வீண்போகவில்லை என்று பொருள். அந்தக் கைகளில் ஒன்று, சுவரோரம் பென்சில் பிடித்த வாங்குபவரின் கை. அந்தக் கைதான் அவரிடம் இல்லாத ஆயிரங்களுக்கு ஈடு கொடுத்தது.