காரியின் குதிரை வந்த வழி

மேற்கே கல்வராயன் மலை, வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர் என்று விரியும் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் குதிரைக்குப் பேர்போன நாடல்ல. ஆனாலும் சங்க காலத்தில் கோவலூரிலிருந்து, அதாவது இந்தத் திருக்கோவிலூரிலிருந்து, ஆண்ட மலையமான்கள் காசில் பொறித்த விலங்கு குதிரைதான். நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து வெளியிட்ட அந்தச் சிறு காசுகளில் ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் மலைமுகடும் வளைந்தோடும் ஆறும். சொந்தத் துறைமுகம் இல்லாத குறுநில மன்னனுக்கு இந்தச் சின்னம் எதற்கு? படைபலத்தைக் காட்டவே என்பது வழக்கமான விடை. எனக்கோ, கடற்கரையை உள்நாட்டோடு இணைத்த ஆற்றுவழி தன் பிடியில் இருக்கிறது என்ற அறிவிப்பாகவே அது தோன்றுகிறது.

நல்ல குதிரை தமிழகத்துக்குக் கடல் வழியே வந்ததைப் பட்டினப்பாலையே சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இங்கே பிறக்கும் குட்டிகள் கால் கோணிப்போய் உதவாதவை ஆவதையும், லாடம் அடிக்க ஆளின்றி வாங்கிய குதிரைகள் மடிவதையும், அதனால் ஆண்டுதோறும் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டியிருந்ததையும் எழுதினார். ஆயிரம் ஆண்டுக்குப் பிந்திய சாட்சி சங்க காலத்துக்குச் செல்லுமா என்று கேட்கலாம். இடையில் மன்னர்கள் மாறினார்கள். வெயிலும் புல்லும் மாறவில்லை. பெண்ணை கடலூருக்கு அருகே கடலில் கலக்கிறது. ரோமானியச் சரக்கு இறங்கிய அரிக்கமேடு அங்கிருந்து வடக்கே ஒருநாள் நடை. ஆற்றை எதிர்த்து மேலே போனால் தகடூர், இன்றைய தருமபுரிப் பக்கம் சேரலாம். நடுவில் இருப்பது கோவலூர்.

பாண்டியரின் பெருவழுதிக் காசிலும் குதிரை உண்டே, இது வெறும் சம்பிரதாயம்தானே என்பது வலுவான மறுப்பு. ஆனால் பாண்டியனுக்குக் கொற்கையும் முத்தும் இருந்தன. குதிரை அவன் வாசலிலேயே வந்து இறங்கும். மலையமானிடம் அது வழியால் மட்டுமே வந்திருக்க முடியும். புலவர் பாட்டு மிகைதானே என்பவர்களுக்கும் பதில் உண்டு. மலையமான் திருமுடிக்காரி இரவலர்க்குக் குதிரை கொடுத்ததைச் சிறுபாணாற்றுப்படை போற்றுகிறது. கபிலரோ வேறு தினுசு: கள் மயக்கத்தில் தேரைக் கொடுப்பது யாருக்கும் எளிது, மலையன் குடிக்காமலே கொடுக்கிறான் என்கிறார். தரம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒன்றுபோல் அள்ளிக் கொடுப்பதைக் கடிந்தும் பாடினார். வெறும் முகஸ்துதிக்காரர் இப்படிக் கணக்குக் கேட்க மாட்டார். கவிஞர் வாக்கும் காசும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவையும் அல்ல.

மூவேந்தரும் காரியின் துணையை நாடியதும், அவன் கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்று அந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்ததும் அவனுடைய வீரத்துக்குச் சான்று என்று நிறுத்திவிடுகிறோம். வழியை வைத்திருப்பவனைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் கட்டுப்படியாகாது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆற்றின் மேல்பகுதியை ஆண்ட தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை அழித்ததைப் புறநானூறு சொல்கிறது. 1981இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் கண்டெடுத்த தமிழிப் பொறிப்பு, துறவியர்க்கு அவன் கொடுத்த பாழியை, அதாவது உறைவிடத்தை, குறிக்கிறது. தகடூர்த் தலைவனின் கொடை இவ்வளவு கீழே, பெண்ணைக்கரைப் பாறையில் ஏறியிருப்பதைப் பார்த்தால், அந்தப் போர் வெறும் மானப் போராக எனக்குத் தெரியவில்லை.