மலைப்பாதையும் ஜெயில் விதியும்

நீலகிரியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஜான் சல்லிவனிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். கோயம்புத்தூர் கலெக்டர் துரை 1819-இல் மலையேறினார், கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார், ஊட்டியைக் 'கண்டுபிடித்தார்' என்று. தோடரும் கோத்தரும் படுகரும் இருளரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையை ஒருத்தர் வந்து கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வியை இப்போதைக்கு விடுவோம். அவருக்குப் பின்னால் பல்லக்கும் பெட்டி படுக்கையும் பீரங்கியும் ஏறிவரப் பாதை வேண்டுமே, அதை வெட்டினது யார்?

இந்தக் கேள்வியோடுதான் நானும் என் சித்தப்பா மகனும் ஒரு டிசம்பர் முதல் தேதி விடியலில் மேட்டுப்பாளையத்திலிருந்து புல்லட்டில் கிளம்பினோம். தம்பி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான், வண்டி அவனுடையது. வெளிமாவட்ட வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே 7-லிருந்து ஐகோர்ட் உத்தரவு. எதற்குப் போகிறாய் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டோம். நாங்கள் போனது ஒரு மாநாட்டு நாளுக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

குன்னூர் வழியாகப் போனால் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. நாங்கள் கோத்தகிரி வழியைப் பிடித்தோம், ஏனென்றால் பழைய பாதை இந்தப் பக்கம்தான். சிறுமுகையிலிருந்து திம்பட்டிக்கு 1819-இல் வேலை தொடங்கி 1823 மே மாசம் முடிந்தது. லெப்டினென்ட் மெக்பெர்சன் போட்ட பாதை என்று எழுதியிருக்கிறார்கள். 1830-32இல் போட்ட குன்னூர் பாதைக்கு லெப்டினென்ட் லெஹார்டி பேர். துரைகள் மண்வெட்டி பிடித்திருப்பார்களா? வெட்டினது மதராஸ் பயனியர் படை. 1831-இல் அது சாப்பர்ஸ் படையோடு சேர்க்கப்பட்டது. அந்தப் படையில் பறையர்கள் ஏராளம். பாறை உடைக்கவும் பாலம் கட்டவும் தீட்டுப் பார்க்காத ஆள் வேண்டியிருந்தது வெள்ளைக்காரனுக்கு. அடிவாரக் காட்டில் மலைக்காய்ச்சல் கொத்துக் கொத்தாக ஆளைத் தின்ற காலம் அது.

கோத்தகிரி ஏற்றத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஹெல்மெட்டில் கேமராவைப் பொருத்திக்கொண்டு பெங்களூர்ப் பையன்கள் ஏழெட்டுப் பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். நல்ல பையன்கள்தான், கையாட்டிவிட்டுப் போனார்கள். கன்னேரிமுக்கு பங்களா வாசலில் அவர்களை மறுபடி பார்த்தோம். அந்த பங்களாவைப் பழுதுபார்த்து நினைவகமாக வைத்திருக்கிறார்கள், நன்றாகவே வைத்திருக்கிறார்கள். ஊட்டியில் சல்லிவன் கட்டின கல் பங்களா இருக்கிறது. 1829-இல் கடைக்கால் போட்ட ஸ்டீபன் சர்ச் இருக்கிறது. அதன் உத்திரம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம். எல்லாவற்றுக்கும் பலகை உண்டு.

எங்களுக்குப் பலகை இல்லாத ஊட்டிதான் வேண்டியிருந்தது. கத்தவராயன் என்று பேர்வைக்கப்பட்ட ஒரு பிள்ளை இந்த மலையில் வளர்ந்து, தன் ஆசிரியர் பேரையே தன் பேராக வைத்துக்கொண்டு அயோத்திதாசப் பண்டிதர் ஆனார். 1870-களில் இங்கே அத்வைதானந்த சபை நடத்தினார். வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டு இரட்டைமலை சீனிவாசன் இருந்ததும் இந்த மலையில்தான். பிற்காலத்தில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். இரண்டு பேரும் மைத்துனர்கள். துரைமார் குளிர்காய வந்த ஊரில், துரைமாருக்குச் சமைத்தும் கணக்கு எழுதியும் பிழைக்க வந்த குடும்பங்களிலிருந்து, சேரிக்கு முதல் அரசியல் பேச்சு கிளம்பியது.

1891 டிசம்பர் 1-ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் முதல் மாநாடு ஊட்டியில் கூடியது. பத்துத் தீர்மானம். பறையர் என்று இழித்துப் பேசுகிறவனைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், படித்தவனுக்கு வேலை வேண்டும். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கத் தடை இருக்கக்கூடாது. நீதிக்கட்சி பிறக்க இன்னும் 25 வருஷம் இருக்கிறது. அம்பேத்கருக்கு அப்போது எட்டு மாசம்கூட நிரம்பவில்லை.

அந்த மாநாடு நடந்ததற்கு ஒரு கல், ஒரு பலகை எங்கள் கண்ணில் படவில்லை. பஸ் ஸ்டாண்டில் விசாரித்தோம், மார்க்கெட்டில் விசாரித்தோம். "பூ கண்காட்சியா, அது மே மாசம்" என்றார் ஒருவர்.

மத்தியானம் பைக்காரா தாண்டி நடுவட்டத்துக்கு விட்டோம். இருபக்கமும் தேயிலை, கீழே கூடலூர்ப் பள்ளத்தாக்கு. கண்ணுக்கு இதமான பாதை, பொய் சொல்லக்கூடாது. 1860-களில் இங்கே சின்கோனா பயிரிட்டார்கள். வெள்ளைப் பட்டாளத்தைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றக் கொய்னா வேண்டும், அதற்கு மரம் வேண்டும், மரம் நட ஆள் வேண்டும். ஆளுக்கு ஜெயில் கட்டினார்கள். பினாங்கு, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட சீனக் கைதிகள்கூட இங்கே அடைபட்டிருந்தார்கள். விடுதலையான சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் சரிவில் தங்கி, காய்கறியும் காப்பியும் போட்டு, நம் பறையர் பெண்களைக் கட்டிக் குடும்பம் நடத்தினார்கள். தர்ஸ்டன் துரை அவர்களைத் தேடிப் போய் மூக்கை அளந்து குறித்துக்கொண்டான். அவனுக்கு அது மூக்கு. எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது: வேலி போடத் தெரியாத இரண்டு ஜனங்கள் ஒரு அடுப்பில் சோறு பொங்கியிருக்கிறார்கள்.

அந்த ஜெயில் இன்றைக்குக் காட்சிக்கூடம். பெங்களூர்ப் பையன்கள் அங்கேயும் இருந்தார்கள். கம்பிக்குப் பின்னால் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டார்கள்.

தம்பி ஒரு கொட்டடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏண்ணே, ஜெயிலுக்குள்ள எல்லாரும் ஒண்ணுதானே? களி எல்லாருக்கும் களிதானே?"

அங்கே நின்றுதான் அவனிடம் சொன்னேன். களி ஒன்றுதான்டா, வேலை ஒன்றில்லை. அந்தக் காலத்து ஜெயில் விதியில் பறையர் கைதிக்கென்று இழிவான வேலையை எழுதியே வைத்திருந்தார்கள். என்ன குற்றம் செய்தாய் என்பது தண்டனைக்கு. நீ யாருக்குப் பிறந்தாய் என்பது வேலைக்கு. ஊட்டி மாநாட்டின் பத்துத் தீர்மானத்தில் ஒன்று அந்த விதியை நீக்கு என்பது. கிணறு கேட்டவர்கள், பள்ளிக்கூடம் கேட்டவர்கள், ஜெயிலுக்குள் கிடக்கிறவனையும் மறக்கவில்லை பார்.

"எடுத்துட்டாங்களா?" என்றான்.

வெள்ளைக்காரன் போனான். 1950-இல் அரசியல் சட்டம் வந்தது, தீண்டாமை ஒழிந்தது என்று 17-ஆவது பிரிவு சொன்னது. ஜெயில் கையேடுகளில் மட்டும் எந்தச் சாதி பெருக்குவது, எந்தச் சாதி சமைப்பது என்பது மாநிலம் மாநிலமாக உயிரோடு இருந்தது. சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் அதைத் தோண்டி எழுதி உச்சநீதிமன்றம் வரை கொண்டுபோனார். 2024 அக்டோபர் 3-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது, கைதிப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை எடு, மூன்று மாசத்துக்குள் விதிகளைத் திருத்து.

தம்பி விரல்விட்டு எண்ணினான். 132 வருஷம், 10 மாசம்.

தீர்ப்பைக் கொண்டாடிப் பேசினவர்களில் ஊட்டி மாநாட்டை நினைத்தவர்களை நான் பார்க்கவில்லை. பண்டிதரைத் தெரிந்தவர்களுக்கு அவர் பௌத்தம் தெரியும், 1907-இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' தெரியும். ஜெயில் விதி கேட்டது தெரியாது. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கே இரண்டு வருஷ வகுப்பில் அவர் பேர் ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை.

பொழுது சாயக் கூடலூருக்கு இறங்கினோம். 1964 ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து அனுப்பப்பட்டவர்களின் லயன் வீடுகள் வரிசையாக வந்தன. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசு இங்கே தேயிலை நட ஆரம்பித்தது. ஒரு லயன் முன்னால் டீ குடித்தோம். கண்டிப் பக்கம் பிறந்த ஒரு பாட்டி, "இந்த மழையில வண்டியில எங்க தம்பி போய்ட்டு வாறீங்க?" என்று கேட்டார். தம்பி சொன்னான், "ஜெயில் பாக்கப் போனோம் ஆயி." பாட்டி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு உள்ள இருக்கா?" என்றார்.

அடுத்த டிசம்பர் முதல் தேதி பத்துப் பேராவது ஊட்டியில் கூடி, பத்துத் தீர்மானத்தையும் ஆளுக்கொன்றாக உரக்கப் படிப்பது என்று பேசியிருக்கிறோம். வண்டி உள்ளவர்கள் கோத்தகிரி வழியாக வாருங்கள், இ-பாஸை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து விடியற்காலையிலேயே பஸ் இருக்கிறது.