சுத்தியல் தட வெள்ளிக் கலங்கள்

சுத்தியல் அடித்த தடத்தைத் தேய்த்து மறைக்காமல், அதையே அலங்காரமாக விட்டுக் கையால் செய்யப்படும் வெள்ளித் தட்டு, கிண்ணம், குவளை, கரண்டி முதலியன. அரக்கில் பதித்து உருவங்களை எழுப்பும் நகாசு வேலை இதிலிருந்து வேறானது.

தூய வெள்ளி மிக மென்மையானது. அதனால் 92.5 விழுக்காடு வெள்ளியோடு செம்பு கலந்த தகட்டைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வர். வட்டமாக வெட்டிய தகட்டைப் பட்டடைமேல் சாய்த்து, சுற்றுச் சுற்றாக அடித்துக் குழிவாக்குவர். அடிபட அடிபட வெள்ளி இறுகும். விடாமல் அடித்தால் வெடித்துவிடும். ஆகையால் மங்கிய சிவப்பு ஏறும்வரை அவ்வப்போது காய்ச்சி இளக்க வேண்டும். உருவம் கூடியபின் விழும் கடைசிச் சுற்று அடிகளே தடங்களாக நிற்கின்றன. அதற்கப்புறம் காய்ச்சுவதில்லை. கடைசி அடியில் ஏறிய இறுக்கம்தான் மெல்லிய தட்டுக்கு விறைப்பைத் தருகிறது. சுத்தியலின் முகம் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். அதில் ஒரு கீறல் இருந்தாலும் ஒவ்வொரு தடத்திலும் பதியும்.

பழைய பத்தர்களுக்கு இந்தத் தடம் பெருமையல்ல. அடி தெரியாமல் வழவழப்பாக்குவதே கைத்திறன். தமிழ் வீடுகளின் சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு எல்லாம் வழவழப்பானவை, இல்லாவிட்டால் நகாசு செய்தவை. சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் விற்ற ‘சுவாமி வெள்ளி’யில் தெய்வ உருவங்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். இயந்திரம் வழவழப்பை மலிவாக்கிய பிறகே சுத்தியல் தடத்துக்கு மதிப்பு வந்தது. சி. ஆர். ஆஷ்பி 1888இல் லண்டனில் தொடங்கிய கைவினைஞர் சங்கம் தன் வெள்ளிக் கிண்ணங்களில் தடத்தை வேண்டுமென்றே விட்டுவைத்தது. லிபர்ட்டி கடையின் ‘சிம்ரிக்’ வெள்ளியோ பெரும்பாலும் இயந்திரத்தில் உருவானது; கைவேலையின் தோற்றமும் அதில் ஏற்றப்பட்டது. விலையில் போட்டியிட முடியாத சங்கம் 1908 வாக்கில் கலைந்தது. கைவேலையின் அடையாளமே கைவேலைக்கு எதிராக விற்பனையானதுதான் இக்கதையின் கசப்பு.

சங்கம் 1902இல் இடம்பெயர்ந்த சிப்பிங் கேம்டனுக்கு அருகில், ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த வீட்டில் ஆனந்த குமாரசுவாமி வாழ்ந்தார். இலங்கைக் கைவினைஞர்களைப் பற்றி அவர் எழுதிய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ (1908) அந்தச் சங்கத்தின் பழைய அச்சகமான எசெக்ஸ் ஹவுஸில்தான் அச்சானது.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவு பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் உண்டு. அங்குள்ள தட்டேராக்கள் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் சிறு குழிகளை வரிசையாக அடித்து, மணலும் புளியும் இட்டுத் துலக்குகின்றனர். இக்கைவினையை யுனெஸ்கோ 2014இல் தன் பட்டியலில் சேர்த்தது. டெல்லியில் வெள்ளிக்குப் பேர்போன கடைத்தெரு சாந்தினி சவுக்கை ஒட்டிய தரீபா கலான்.

இயந்திரத் தகட்டில் ஒரே அச்சு மீண்டும் மீண்டும் வரும். கைவேலையில் தடங்கள் அளவில் சற்றே மாறி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கந்தகம் பட்டுக் கறுத்தால் விபூதி தேய்ப்பது நம் வழக்கம். ஆனால் அழுத்தித் தேய்த்தால் தடங்களின் விளிம்பு மழுங்கிவிடும்.