அட்டை எழுதிய ஆசிரியர்கள்: செயல்வழிக் கற்றல் வந்த தடம்

தமிழ்நாட்டில், பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தம் வேகத்தில் கற்கும் செயல்வழிக் கற்றலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2007-08ஆம் கல்வியாண்டிலிருந்தே தொடங்குகிறார்கள். 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புகளுக்கு அம்முறை வந்த ஆண்டு அது. சுற்றறிக்கை, பயிற்சிக் கையேடு, அச்சிட்ட அட்டை எனச் சான்றுகளும் அந்தக் காலத்துக்கே மிகுதி. அந்த அட்டைகளை முதன்முதலில் எழுதியவர்களைத் தேடினால், தடம் ஆந்திர, கர்நாடகக் கிராமப் பள்ளிகளுக்குப் போகிறது. பாடத்தை எழுதவும் திருத்தவும் உரிமை இருந்த இடங்களில்தான் ஆசிரியர்கள் தலைமைக்கு உயர்ந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் 1972-இல் டேவிட் ஹார்ஸ்பரோ தொடங்கிய நீல்பாக் பள்ளியில் வகுப்புப் பிரிவு கிடையாது, தேர்வும் கிடையாது. ஆசிரியப் பயிற்சிக்கு வந்தவர்கள் குழந்தைகளோடு இருந்தே தொழில் கற்றார்கள். சிலர் பின்னர் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார்கள். அட்டைகள் உருவானது ஆந்திரத்தில்: மதனப்பள்ளியை அடுத்த ரிஷி பள்ளத்தாக்கில் கல்வியாளர்கள் பத்மநாப ராவும் ரமாவும் சுற்றுவட்டச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பாடநூலைப் பிரித்துச் சிறு அட்டைகளாக்கினார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு படச்சின்னம். சின்னங்களை வரிசைப்படுத்தச் சுவரில் ஓர் ஏணி. அறுவடைக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வரும் பிள்ளை, தான் விட்ட படியிலிருந்தே தொடரலாம். ‘பாடம் போய்விட்டது’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஏழைக் குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய நீதி என்பதைக் கல்வி வரலாறு போதிய அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

1995-இல் மைசூரு மாவட்டம் ஹெக்கடதேவன கோட்டை வட்டத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் யுனிசெஃப் ஆதரவோடு ரிஷி பள்ளத்தாக்குக்குச் சென்று பார்த்தார்கள். கபினி ஆற்றை ஒட்டிய, காடு சூழ்ந்த, பழங்குடியினர் மிகுந்த வட்டம் அது. ஊர் திரும்பியவர்கள் தெலுங்கு அட்டைகளை மொழிபெயர்ப்பதோடு நிற்கவில்லை. தம் பிள்ளைகளுக்கேற்பக் கன்னடத்தில் புதிதாக எழுதினார்கள். ‘நலி-கலி’ என்று பெயர் பெற்ற அந்த முறையில் எழுத்துவரிசையே மாறியது. உயிரெழுத்து முழுவதும் முடியட்டும் என்று காத்திராமல் ர, க, ஸ, த, அ என்று பாடம் தொடங்கியது. இந்த ஐந்தைக் கற்ற குழந்தை ‘சர’ (மாலை), ‘அரச’ (மன்னன்), ‘கரகச’ (ரம்பம்) என்று சில நாளிலேயே சொற்களை வாசித்துவிடும். மைசூருப் பிள்ளைக்கு நன்கு தெரிந்த ‘தசர’வும் அதற்குள் அடக்கம். நூற்றாண்டுகளாக மாறாத அகரவரிசையை வகுப்பறையில் கலைத்து அடுக்குவதற்குத் துணிவு வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியரிடம் அந்தத் துணிவு இருக்கிறது என்று நம்பிய சில அதிகாரிகளும் அப்போது இருந்தார்கள்.

சென்னையில் அத்தகைய நம்பிக்கையோடு வந்தவர் எம்.பி. விஜயகுமார். 2003-இல் மாநகராட்சி ஆணையராக இருந்த அவர், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் முயற்சியைத் தொடங்கி, ஆசிரியர்களை ரிஷி பள்ளத்தாக்குக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர்கள் தமிழில் அட்டைகளை உருவாக்கினார்கள். வகுப்பில் கொடுத்துப் பார்த்து, பிள்ளைகள் தடுமாறிய இடங்களைத் திருத்தினார்கள். நாற்காலி ஓரத்துக்குப் போனது. ஆசிரியர் பாயில் அமர்ந்தார். சுவரின் அடிப்பகுதியில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை ஓடியது. ஒரு குழு ஆசிரியர் துணையோடு படிக்க, இன்னொன்று சக மாணவர் உதவியோடு படித்தது. சில பிள்ளைகள் தாமாகவே படித்தார்கள். இதைச் செய்து பழகிய ஆசிரியர்கள் பின்னர் பிற மாவட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப் போனார்கள். பதவி உயர்வு எதுவும் இல்லாமல், கைப்பழக்கத்தின் வலிமையால் மட்டும் வந்த தலைமை இது.

அடுத்த கட்டம் வேகமானது. விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபின், 2006-07-இல் ஒன்றியத்துக்கு 10 பள்ளிகள், மறு ஆண்டு எல்லாப் பள்ளிகளும் என்று முறை பரவியது. அட்டைகள் அச்சாகி, கட்டுக் கட்டாக வந்து சேர்ந்தன. இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் நல்லது செய்ய வேறு வழி இருந்திருக்குமா என்று கேட்டால் விடை எளிதில்லை. ஆனால் சென்னை ஆசிரியர் எழுதி, அழித்து, மறுபடி எழுதியபோது அடைந்த தெளிவு அச்சிட்ட கட்டோடு சேர்ந்து வந்துவிடவில்லை. ஒரு படி ஏன் அங்கே இருக்கிறது என்று அறியாதவருக்கு அதை மாற்றும் உரிமை இருந்தும் பயனில்லை. பலருக்கு அந்த உரிமையும் இல்லை. கர்நாடகத்திலும் 2009-10-இல் நலி-கலி மாநிலம் முழுதும் விரிந்தபோது இதே இழப்பு நேர்ந்ததாகவே நான் கருதுகிறேன்.

2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. ஏணியின் சாயல் அதில் தெரிகிறது. ஆனால் பயிற்சி நூலில் தன் ஊர்ப் பிள்ளைக்குப் பொருந்தாத ஒரு பக்கத்தைக் காணும் ஆசிரியர், அதை நீக்கித் தானே ஒரு பக்கம் எழுதி வைக்கலாமா? 13 பள்ளிகளில் 2003-இல் அது அன்றாட வேலையாக இருந்தது.