இசைத்தட்டின் மறுபக்கம்

டிஸ்கோ என்றதும் சுழலும் விளக்குகளும் பளபளக்கும் ஆடைகளும் 1977இல் வெளிவந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயின் அவ்விசையின் தொடக்கத்தைத் தேடிச் செல்வோர் அங்கே காண்பது ஒரு தனிமனிதனின் விருப்பத்தையே. கேமரூன் நாட்டுக் கலைஞர் மனு திபாங்கோவின் 'சோல் மகோஸா' டிஸ்கோவின் முன்னோடி இசைத்தட்டுகளுள் ஒன்றாக எண்ணப்படுவது அவ்விருப்பத்தின் பயனே ஆகும்.

திபாங்கோ 1933இல் துவாலா நகரில் பிறந்தவர். பதினைந்து வயதில் படிப்பின் பொருட்டுப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். தம்மை ஏற்கவிருந்த குடும்பத்துக்குக் கொடுக்க அவர் கையோடு கொண்டு சென்றது மூன்று கிலோ காப்பிக்கொட்டை. பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு அதனையே தலைப்பாக்கினார். அங்கே சாக்ஸபோன் கற்று ஜாஸ் இசையில் தேர்ந்த அவர், 1972இல் கேமரூனில் நடைபெற்ற எட்டாவது ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பைப் போட்டிக்கென வாழ்த்துப்பாட்டு ஒன்றை இயற்றினார். இசைத்தட்டின் முன்பக்கம் அதற்கு உரியதாயிற்று. மறுபக்கத்தில் இடம்பெற்றதே 'சோல் மகோஸா'. கேமரூன் கோப்பையை வெல்லவில்லை. வாழ்த்துப்பாட்டின் தேவையும் விழாவோடு முடிந்தது.

மகோஸா என்பது துவாலா நகரத்து நடன இசையின் பெயர். திபாங்கோ அவ்வொரு சொல்லை அசை அசையாகப் பிரித்து, நா திக்குவது போல மீட்டும் மீட்டும் அடுக்கினார். சொல்லே அங்கே தாளமாயிற்று.

அத்தட்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், மேற்கிந்தியத் தீவினரின் இசைத்தட்டுக் கடை ஒன்றில் டேவிட் மான்குசோவின் கைக்குக் கிடைத்தது. அநாதை இல்லத்தில் வளர்ந்த மான்குசோ, 1970 பிப்ரவரி 14 முதல் பிராட்வே 647ஆம் எண் கட்டிடத்தில் தாம் குடியிருந்த மாடியிலேயே நண்பர்க்கு இசைவிருந்து நடத்தி வந்தார். 'லாஃப்ட்' எனப் பெயர்பெற்ற அவ்விடத்தில் மது விற்கப்படவில்லை. அழைப்புப் பெற்றோர்க்கே அனுமதி. கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க மரபினரும் ஒருபால் விழைவோரும் அச்சமின்றி ஒருங்கே ஆடக் கிடைத்த இடம் அது. மான்குசோ தமக்குப் பிடித்த அத்தட்டை அவர்கள் முன் ஒலிக்கச் செய்தார். துவாலா மொழி அறியாத அவையினர் அதன் ஓசைக்கு வயப்பட்டனர்.

பின்னர் டபிள்யு.பி.எல்.எஸ். வானொலியில் ஃபிராங்கி கிராக்கர் அதனை ஒலிபரப்ப, கடைகளில் தட்டுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. அக்குறையை நிரப்பப் பிற குழுவினர் பல போலிப் பதிவுகளை வெளியிட்டனர். இறுதியில் அட்லாண்டிக் நிறுவனம் உரிமம் பெற்று மூலப் பதிவையே வெளியிட, 1973இல் அது அமெரிக்கத் தரவரிசையில் 35ஆம் இடத்தை எட்டியது. விளம்பரம் செய்ய வேண்டிய நிறுவனம் கடைசியில் வந்தது. ஆடியவர்களோ முதலிலேயே வந்துவிட்டனர்.

புகழ் வந்த வழியிலேயே வழக்கும் வந்தது. 1982இல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' தொகுப்பின் முதற்பாட்டு, திபாங்கோவின் சொல்லடுக்கைச் சிறிது திரித்து எடுத்தாண்டது. அவ்வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாட்டில் முடிந்தது. 2007இல் ரிஹானாவின் பாட்டிலும் அவ்வடுக்கு ஒலித்தபோது, 2009இல் திபாங்கோ மீண்டும் பாரிஸ் நீதிமன்றத்தை நாடினார். உலகோர் வாயில் வழங்கிய அச்சொல் யாருடையது என்பதை, ஆக்கியவனே முதுமையில் நிறுவ வேண்டியிருந்தது.

மான்குசோ 2016இல் மறைந்தார். திபாங்கோ 2020 மார்ச் 24 அன்று கொரோனா நோய்க்கு இரையானார். ஒருவர் ஆக்கினார், மற்றவர் விரும்பினார். விழாவுக்கென எழுதிய முன்பக்கத்தை அறிவோர் இன்று மிகச் சிலர்; மறுபக்கமோ வரலாறாயிற்று. ஆக்குவோனின் ஆற்றலுக்கு நிகரானது நுகர்வோனின் செவி. சிறு அவையில் ஒருவர் விரும்பி எடுத்துரைக்கும் ஒரு பாட்டுக்கு எத்தனை தொலைவு செல்லும் வலிமை உண்டு என்பதை அவ்விசைத்தட்டு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.